உங்களுக்குத் தெரியுமா? வடசென்னைக்குக் கப்பலேறி வந்த ருசிகள்

நண்பர்களோடு வெளிநாடு போனால் கோயில், கோபுரம், கடற்கரை எல்லாம் பார்ப்போம். ஊர் திரும்பியதும் பேசுவதென்னவோ தெருவோரத்தில் தின்றதைப் பற்றித்தான். அந்த அனுபவத்தில் பாதியை டிக்கெட் எடுக்காமலே தருகிற இடம் பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை நீளும் துறைமுகப் பகுதி. இங்குள்ள வெளிநாட்டுத் தீனியைச் சுற்றுலாப் பயணிகள் கொண்டுவரவில்லை. வீடு, கடை, நிலம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்கள் கைப்பக்குவத்தை மட்டும் விடாமல் கொண்டுவந்தார்கள். அதே துறைமுகத்திலிருந்து கப்பலேறிப் போன நம்மூர் ருசிகளும் உண்டு. இரண்டையும் பற்றிச் சில துணுக்குகள்.

● பிசைகிற கைதான் கடை

பீச் ஸ்டேஷனில் இறங்கி, பர்மா பஜாருக்குப் பின்னால் உள்ள செகண்ட் லைன் பீச் பக்கம் சாயங்காலம் போனால் அத்தோ வண்டிகளைப் பார்க்கலாம். ஒரு அகலப் பாத்திரத்தில் ஆரஞ்சு நிற நூடுல்ஸ் குவிந்திருக்கும். சுற்றிலும் சின்னச் சின்ன டப்பாக்கள்: பொடியாக நறுக்கிய முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த வெங்காயம், பொரித்த பூண்டு, பூண்டு எண்ணெய், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், வறுத்த கடலை மாவு, கொத்தமல்லித்தழை. கடைக்காரர் ஒவ்வொன்றிலும் ஒரு கிள்ளு, ஒரு பிடி என்று அள்ளிக் கிண்ணத்தில் போட்டு, விரல் நுனியால் பிசைந்து, மேலே பேஜோ என்கிற மொறுமொறுப்பான தட்டையை நொறுக்கித் தூவி நீட்டுவார். அளவுக் கரண்டியே கிடையாது. காரம் கூட வேண்டும், புளிப்புக் குறைய வேண்டும் என்றால் பிசைவதற்கு முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். பிசைந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

● நூடுல்ஸ்தான், ஆனால் சூடு இருக்காது

முதல்முறை சாப்பிடுகிறவர்கள் "என்னண்ணே, ஆறிப் போயிருக்கே?" என்று கேட்பது வழக்கம். அத்தோ அடுப்பில் வதக்குகிற பண்டமல்ல. பர்மாவில் இது பிசைந்து உண்ணும் சாலட் வகையைச் சேர்ந்தது. அங்கே இஞ்சி, தக்காளி, பச்சை மாங்காய், ஏன், சமோசாவைக்கூட நறுக்கிப் போட்டு இப்படிப் பிசைவார்கள். சூடு வேண்டும் என்கிறவர்களுக்காகத்தான் பக்கத்தில் வாழைத்தண்டு சூப் கொதித்துக்கொண்டிருக்கிறது. நம்மூர் நாக்குக்காகப் பின்னாளில் வந்தது, தோசைக்கல்லில் போட்டு வறுத்துத் தரும் 'அத்தோ ஃப்ரை'.

● ஒரே வாயில் போட வேண்டிய முட்டை

அத்தோ கடையில் தவறவிடக் கூடாதது முட்டை மசாலா. சில கடைகளில் முட்டை பேஜோ என்பார்கள். அவித்த முட்டையை நடுவில் கீறி, பொரித்த வெங்காயம், பூண்டு, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் உள்ளே திணித்து, மேலே புளித்தண்ணீரும் பூண்டு எண்ணெயும் விட்டுத் தருவார்கள். கடித்துக் கடித்துத் தின்றால் உள்ளே இருப்பதெல்லாம் சட்டையில் வழியும். முழுசாக வாயில் போட்டு, கொஞ்ச நேரம் யாரோடும் பேசாமல் இருப்பதே சரியான முறை.

● காலைச் சாப்பாடு மாலைத் தீனியானது

மொய்ங்கா, பர்மாவின் தேசிய உணவு என்றே சொல்லப்படுவது. கெளுத்தி மீனை வேகவைத்து மசித்த குழம்பில் வாழைத்தண்டு, எலுமிச்சைப் புல், இஞ்சி, மீன் சாறு சேர்த்து, மாவு கரைத்துக் கெட்டியாக்கி, அரிசிச் சேமியாவின் மேல் ஊற்றுவார்கள். ரங்கூனில் இது விடியற்காலை உணவு. வடசென்னைக்கு வந்ததும் நேரமும் மாறியது, செய்முறையும் மாறியது. காலையில் இங்கே இட்லிக் கடைகளோடு யார் மல்லுக்கட்டுவது? மொய்ங்கா சாயங்காலத்துக்கு நகர்ந்தது. பல கடைகளில் மீன் கழன்றுகொண்டது, வாழைத்தண்டு நிலைத்துவிட்டது. இதனால் சுத்த சைவக்காரர்களும் உட்காரக்கூடிய பர்மா கடை உருவானது.

● நோட்டு செல்லாமல் போன மே மாதம்

1962 மார்ச் 2 அன்று பர்மாவில் ஜெனரல் நீ வின் ராணுவ ஆட்சியைக் கொண்டுவந்தார். அடுத்த இரண்டு ஆண்டுகளில் கடைகளும் வங்கிகளும் வணிக நிறுவனங்களும் அரசுடைமையாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறினார்கள். நகையும் பணமும் எடுத்துவரக் கடும் கட்டுப்பாடு. தமிழகத்துக்கு மட்டும் லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தார்கள். சுங்க அதிகாரியால் பறிமுதல் செய்ய முடியாத ஒரே சொத்து, அத்தோவை எப்படிப் பிசைய வேண்டும் என்கிற அறிவு. வியாசர்பாடி பி.வி. காலனியிலும் எண்ணூர் பர்மா நகரிலும் அது பிழைப்பாக மாறியது.

● 1969ல் பிறந்த இரண்டு

ராஜாஜி சாலை ஓரத்தில் பர்மா பஜார் உருவானது 1969ல். பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்காக மத்திய அரசு ரெப்கோ வங்கியைத் தொடங்கியதும் அதே ஆண்டுதான். பஜாரில் ஒரு காலத்தில் வெளிநாட்டு சென்ட்டுக்கும் டேப் ரிக்கார்டருக்கும் கூட்டம் அலைமோதியது. 1991க்குப் பிறகு தாராளமயம் வந்து, அதே பொருட்கள் எல்லாக் கடையிலும் கிடைக்கத் தொடங்கின. 'ஃபாரின் சாமான்' மோகம் இறங்கியது. அத்தோவுக்கு மட்டும் அந்தச் சரிவு வரவே இல்லை. அதை இறக்குமதி செய்ய யாருக்கும் லைசென்ஸ் தேவைப்படவில்லையே!

● ஒரே ஊரிலிருந்து கிளம்பி இரண்டு தட்டுகள்

ரங்கூனை விட்டு வந்தவர்கள் தமிழர்கள் மட்டுமல்ல; குஜராத்தைச் சேர்ந்த மேமன் வணிகர்களும் வந்தார்கள். அவர்களில் பலர் கராச்சியில் குடியேறினார்கள். கூடவே கொண்டுபோனது தேங்காய்ப்பால் குழம்பு ஊற்றிய நூடுல்ஸ். கராச்சியில் இன்று அது 'கௌசா'. கறி போட்டு, மேலே சிப்ஸ் தூவி, மேமன் வீட்டு விருந்துகளில் பரிமாறப்படுகிறது. அதன் சகோதரம்தான் சென்னை அத்தோ கடைகளில் கிடைக்கிற 'கவ்சே'. ஒரே அடுப்பங்கரையில் பிறந்தது, ஒரு துறைமுகத்தில் விருந்துச் சாப்பாடானது. இன்னொன்றில் நின்றுகொண்டே சாப்பிடும் தீனியானது.

● மணிப்பூர் எல்லையில் மெதுவடை

சென்னைக்கு வந்து இறங்கியவர்களில் சிலருக்கு இங்கே ஒட்டவில்லை. 1960களில் பர்மாவுக்கே திரும்பிவிடலாம் என்று வடகிழக்கு வழியாகக் கிளம்பினார்கள். எல்லையில் தடுக்கப்பட்டதும் மணிப்பூரின் மோரே என்கிற எல்லையூரிலேயே தங்கிவிட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் உண்டு, அங்காள பரமேஸ்வரி கோயில் உண்டு, இட்லியும் தோசையும் வடையும் உண்டு. வடசென்னையில் பர்மா சாப்பாடு. பர்மா எல்லையில் தமிழ்ச் சாப்பாடு. இரண்டையும் சமைத்தவர்கள் ஒரே கப்பலில் வந்தவர்களாகக்கூட இருக்கலாம்.

● ரங்கூனுக்குப் போனால் 'தோஷே' கேளுங்கள்

இன்று யாங்கோன் எனப்படும் அந்நகரின் நடுவே, தமிழர்கள் 1871ல் கட்டிய காளி கோயில் இருக்கிறது. அந்த வட்டாரத் தெருக்களில் 'தோஷே' என்று கேட்டால் தோசை வரும். 'பலாட்டா' என்றால் பரோட்டா. 'டன்பாவ்' என்றால் பிரியாணி. ஃபலூடாவும் உண்டு. பர்மியர்கள் இவற்றையெல்லாம் தங்கள் தெருத் தீனியாகவே சாப்பிடுகிறார்கள், நாம் அத்தோவைச் சாப்பிடுவது மாதிரி. யார் யாருக்குக் கற்றுக்கொடுத்தது என்பது தின்கிறவருக்குத் தேவைப்படாத கேள்வி.

● உங்கள் வீட்டு இட்லியில் பர்மா இருக்கிறது

இது பலருக்குத் தெரியாத செய்தி. இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் மிகப் பெரும்பகுதி மியான்மரிலிருந்து, அதாவது பழைய பர்மாவிலிருந்து வருகிறது. அதில் கணிசமானது வந்து இறங்கும் இடம் சென்னைத் துறைமுகம். 2021ல் இரு நாடுகளும் செய்துகொண்ட உடன்பாட்டின்படி, ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 2.5 லட்சம் டன் உளுந்தும் 1 லட்சம் டன் துவரையும் அங்கிருந்து தனியார் வழியாக இந்தியா வாங்க வழி செய்யப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், பர்மியச் சமையலில் உளுந்துக்குப் பெரிய இடம் கிடையாது. அங்குள்ள விவசாயி அதை விதைப்பது முக்கியமாக நம் மாவுக்காகத்தான். அங்கே மழை பொய்த்தாலோ, கப்பல் தாமதமானாலோ, இங்கே உளுந்து விலை ஏறும். ஆக, அத்தோவை ஒருமுறைகூடத் தொடாத தமிழரும் பர்மாவைச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.

● கடன் கொடுத்தவர்கள் கொண்டுவந்த கறுப்பரிசி

செட்டிநாட்டுக் கல்யாணங்களில் கவுனி அரிசி இனிப்பு கட்டாயம். ஊதா கலந்த கறுப்பு நிறம், ஒட்டும் தன்மை, சர்க்கரையும் தேங்காய்த் துருவலும். இதுவும் பர்மா வழி வந்ததுதான். செட்டிநாட்டு நகரத்தார் அங்கே நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை படுத்தது. கடனைக் கட்ட முடியாதவர்களின் நிலங்கள் கைமாறின. அந்தப் பத்தாண்டின் முடிவில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் கிட்டத்தட்டக் கால்வாசி நிலம் நகரத்தார் கையில் இருந்தது. இந்தியர்கள் மீது அங்கிருந்த மனக்கசப்பின் வேர்களில் அதுவும் ஒன்று. இனிப்பைச் சாப்பிடும்போது இந்தக் கசப்பும் ஞாபகம் இருக்கட்டும்.

● எம்டன் குறிவைத்த பர்மா எண்ணெய்

1914 செப்டம்பர் 22 இரவு, ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்டது எல்லோருக்கும் தெரியும். தீப்பற்றி எரிந்தது என்ன? துறைமுகத்தை ஒட்டி நின்ற பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள். அரிசி, தேக்கு, மண்ணெண்ணெய் என்று சென்னையின் சோறும் கதவும் விளக்கும் ரங்கூன் கப்பலை எதிர்பார்த்திருந்த காலம் அது. 1942ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனதும் அரிசிக் கப்பல் நின்றது. ரேஷன் வரிசைகள் நீண்டன.

● படத்திலும் ரங்கூன்

1952ல் வெளிவந்த 'பராசக்தி'யின் அண்ணன் தம்பிகள் மூவரும் ரங்கூனில் பிழைக்கப் போனவர்கள். சிவாஜி கணேசன் நடித்த குணசேகரன் போர்க்காலத்தில் சென்னை வந்து இறங்கிய உடனேயே உடைமைகளைப் பறிகொடுப்பான். 2017ல் வந்த 'ரங்கூன்' படமோ, பர்மாவிலிருந்து திரும்பி வடசென்னையில் குடியேறிய குடும்பத்துப் பையன்களின் கதை. இரண்டு படங்களுக்கும் இடையே 65 ஆண்டுகள்.

● ரயில் வந்தது, உருண்டைக் குழம்பும் வந்தது

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்குக் கிளம்பியது. ராயபுரம் நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது. ரயில்வே வேலையோடு ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் இந்த வட்டாரத்தில் பெருகின. அவர்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு இதுதான்: மஞ்சள் போட்ட தேங்காய்ப்பால் சோறு, கொத்துக்கறி உருண்டைக் குழம்பு, வெங்காயமும் மிளகாயும் வினிகரும் சேர்த்து அரைத்த டெவில் சட்னி. பாதி இங்கிலாந்து, பாதி மயிலாப்பூர் என்று யாரும் நினைக்க வேண்டாம். குழம்பில் நம் மல்லியும் மிளகாயும் தேங்காயும்தான் முன்னே நிற்கும்.

● கல்யாணத்தில் கேட்கக் கூடாத பண்டம்

தமிழ்நாட்டின் ஒரே பார்சி அக்கினிக் கோயில் ராயபுரம் அரத்தூண் சாலையில் இருக்கிறது. 1910ல் கட்டப்பட்டது. பார்சிகள் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பார்சி நண்பர் யாராவது வீட்டுக்கு அழைத்தால், பல பருப்புகளும் காய்களும் ஆட்டிறைச்சியும் சேர்த்து மசித்த தான்சாக் கிடைக்கலாம். விசேஷ வீட்டில் மட்டும் அதைக் கேட்டுவிடாதீர்கள். துக்கம் நடந்த வீட்டில் மூன்று நாள் அசைவம் தவிர்த்து, நான்காம் நாள் தான்சாக்கோடு விரதம் முடிப்பது அவர்கள் வழக்கம். அதனால் மங்கல நாட்களில் அது இலையேறாது.

● ரஜூலா ஏறிப் போன சோற்றுக் காவடி

எஸ்.எஸ். ரஜூலா 1926 முதல் 1973 வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று ஓடிய கப்பல். தமிழர்கள் டெக்கில் பாய் விரித்துப் படுத்துப் போனார்கள். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் அதில் தீ விபத்து நேர்ந்ததோடு அந்தத் தடம் முடிந்தது. கப்பல் கிளம்பிய ஊரிலும் ஒரு ஜார்ஜ் டவுன். போய்ச் சேர்ந்த பினாங்கிலும் ஒரு ஜார்ஜ் டவுன். அங்கே துறைமுகத் தொழிலாளிகளுக்குத் தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் தோள்கம்பின் ஒரு முனையில் சோறும் மறுமுனையில் குழம்புகளுமாகத் தூக்கிப் போய் விற்றதுதான் 'நாசி கண்டார்'. இன்று பினாங்குக்குப் போகிற யாரும் அதைச் சாப்பிடாமல் திரும்புவதில்லை. நாலைந்து குழம்புகளைக் கலந்துகட்டி ஊற்றச் சொல்வது அங்குள்ளோர் வழக்கம். நீங்களும் அப்படியே கேளுங்கள்.

● டிஷ்யூ பாக்கெட் இருந்தால் அது ஆள் உட்கார்ந்த இடம்

சிங்கப்பூரின் ஹாக்கர் சென்டர் பண்பாடு 2020ல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பிடித்தது. மலேசியாவின் நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் அடங்கிய காலை உணவுப் பழக்கம் 2024ல் சேர்ந்தது. நண்பர்களோடு சிங்கப்பூர் போகிறவர்கள் இரண்டு விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும். காலி மேசையில் ஒரு டிஷ்யூ பாக்கெட் கிடந்தால், அது யாரோ மறந்துவைத்ததல்ல, இடம் போட்டிருக்கிறார்கள். சாப்பிட்டு முடித்த தட்டை நீங்களேதான் எடுத்துப்போய் வைக்க வேண்டும். 2021 முதல் இது கட்டாயம். முதல்முறை எச்சரிக்கை, அப்புறம் அபராதம். அங்கே ரோஜாக் கலவையும் மாமாக் மீ கோரெங் நூடுல்ஸும் விற்கிற கடைகளில் தமிழில் பேசிப் பாருங்கள். பதில் தமிழிலேயே வர வாய்ப்பு அதிகம்.

● மீன் தேடிப் போகக் கூடாத 61 நாள்

வெளியூர் நண்பர்களைக் காசிமேட்டுக்குக் கூட்டிப்போக ஆசையா? காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். மீன் இனப்பெருக்கத்துக்காக 61 நாள் விட்டுக்கொடுப்பது. அப்போது நாட்டுப்படகில் வருகிற மீன்தான் கதி. வஞ்சிரம் தொட்டால் சுடும். மற்ற மாதங்களில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். "எவ்ளோக்கா?" என்று ஒரு கூடையைக் காட்டிக் கேட்டு, பாதி விலைக்குக் கேட்டுத் திட்டு வாங்கி, முக்கால் விலைக்கு முடிப்பது அங்குள்ள ஒழுங்கு. வாங்கிய மீனை அங்கேயே சுத்தம் செய்து தரத் தனி ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் அரிவாள்மனையில் சங்கராவைச் செதில் எடுக்கும் வேகத்தைப் பார்க்கவே ஒருமுறை போகலாம்.

● பல்லில் கடித்த பறி

எண்ணூர்க் கழிமுகத்தில் வலை இல்லாமல் இறால் பிடிப்பவர்கள் உண்டு. இருளர் பெண்கள் இடுப்பளவுச் சேற்றுத் தண்ணீரில் குனிந்து, இரண்டு கையாலும் துழாவி இறாலைப் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலையில் முடைந்த பறி. அதன் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள், கை இரண்டும் வேலை செய்ய வேண்டுமே. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தபோது முதலில் அடிபட்டது இந்தக் கை வேலைதான்.

● கப்பலில் வந்த வேண்டாத விருந்தாளி

வந்ததெல்லாம் நல்லதில்லை. அமெரிக்கக் கண்டத்துக் கடலோரங்களைச் சேர்ந்த ஒரு சிப்பி வகை இப்போது எண்ணூர், பழவேற்காடு பகுதிகளில் தரையே தெரியாமல் படர்ந்திருக்கிறது. மீனவர்கள் அதைக் 'காக்கா ஆழி' என்கிறார்கள். சரக்குக் கப்பல்கள் சமநிலைக்காக ஒரு துறைமுகத்தில் ஏற்றி இன்னொரு துறைமுகத்தில் கொட்டுகிற தண்ணீரோடு வந்திருக்கும் என்பது ஆய்வாளர்கள் கருத்து. இது கம்பளம் விரித்தது போலச் சேற்றை மூடுவதால் இறால் மேய இடமில்லை; நம்மூர் மஞ்சள் மட்டி மூச்சுத் திணறிச் சாகிறது. மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம் வரை போய்விட்டார்கள்.

● 250 பேருக்கு மேல் இருந்தால் சாப்பாட்டுக் கூடம்

எம்.ஆர்.எஃப். 1946ல் திருவொற்றியூரில் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது. அசோக் லேலண்ட் 1948ல் எண்ணூரில். புல்லட் வண்டி 1955ல் திருவொற்றியூரில். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் கேன்டீன் நடத்தச் சொல்லலாம் என்றது. ஆனாலும் ஷிப்ட் விட்டு வருகிறவருக்கு கேட்டுக்கு வெளியே இருக்கிற கடைதான் ருசி. பர்மாவிலிருந்து வந்தவர்களின் சாயங்கால வியாபாரத்துக்குக் கைகொடுத்தது இந்தக் கூட்டம்: கையில் சில்லறை, வயிற்றில் பசி, பஸ் வர இன்னும் பத்து நிமிடம்.

● வராமல் போன ஒன்று

பர்மியர்கள் தேநீரைக் குடிப்பதோடு நிறுத்துவதில்லை, தின்னவும் செய்வார்கள். தேயிலைக் கொழுந்தை ஆவியில் வேகவைத்து, மாதக்கணக்கில் புளிக்கவைத்து, பொரித்த பூண்டு, நிலக்கடலை, எள், முட்டைக்கோஸ் சேர்த்துப் பிசைந்தால் அது 'லபெட்'. அந்நாட்டில் விருந்தினருக்கு முதலில் வைப்பது இதுதான். அத்தோவை அள்ளிக்கொண்ட வடசென்னை, இதை மட்டும் பெரிதாகச் சீண்டவில்லை. சூடான டீயைக் கிளாஸில் ஆற்றிக் குடிக்கிற ஊரில், அதே இலையைப் பிசைந்து தின்னச் சொன்னால் எப்படி?

● பெட்டி கட்டும்போது கசகசா வேண்டாம்

வெளிநாட்டில் இருக்கும் நண்பருக்குக் குருமா பொடி, மசாலா என்று கட்டிக்கொண்டு போகிறவர்கள் கவனிக்க: ஐக்கிய அரபு அமீரகத்திலும் சிங்கப்பூரிலும் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். அபின் செடியின் விதை என்பதே காரணம். நமக்கு அது குழம்பைக் கெட்டியாக்கும் பொருள். அங்குள்ள சுங்க அதிகாரிக்குப் போதைப்பொருள் வழக்கு. வீட்டில் அரைத்த பொடியில் சேர்ந்திருக்கிறதா என்று அம்மாவிடம் கேட்டுவிட்டுப் பெட்டியை மூடுங்கள்.

● நாலு பேர் போனால் எப்படிச் சாப்பிடுவது?

அத்தோ கடையில் ஆளுக்கொரு பிளேட் சொல்லாதீர்கள். முதலில் நாலு முட்டை மசாலா, அப்புறம் ஒரு அத்தோ, ஒரு மொய்ங்கா. பிடித்ததை மறுபடி சொல்லலாம். சூப் காலியானால் இன்னும் கொஞ்சம் ஊற்றித் தரும் தாராளம் பல கடைகளில் உண்டு; கேட்பதில் வெட்கப்பட வேண்டாம். ஆரஞ்சு நிறம் கலர்ப்பொடி தருவது; சாயமில்லாத நூடுல்ஸ் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். கூட்டம் அதிகமுள்ள வண்டியாகப் பார்த்து நில்லுங்கள், அங்கேதான் எதுவும் பழசாகக் கிடக்காது. எண்ணூர் பக்கம் வருகிறவர்களுக்கு 2021 பிப்ரவரியிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ இருக்கிறது. வீட்டுக்குப் பார்சல் வாங்கினால் நூடுல்ஸ், சூப், பேஜோ மூன்றையும் தனித்தனியாகக் கட்டச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே பையில் ஊறிப் போய் வீடு வந்து சேர்ந்தால், "இந்தக் கொழகொழப்புக்கா பீச் ஸ்டேஷன் வரைக்கும் போனே?" என்று கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்வது கஷ்டம்.